சரக்குக் கப்பல் படம் வரையுறது எப்படி: தூத்துக்குடிக் கரையில நின்னு பாத்து வரையுறவங்களுக்கு

கப்பல் படம்னாலே நிறைய பேரு மொதல்ல அலையத்தான் போடுதாவ, அப்புறம் வானம், அப்புறம் ஒரு சூரியன், கடைசியா மிச்சம் இருக்கிற எடத்துல கப்பலக் கொண்டுபோய் வைக்காவ. வியாபாரக் கப்பலுக்கு இந்த வரிசை ஆகவே ஆகாது. சரக்குக் கப்பலுக்கு உசுரே சரக்குதான். என்ன ஏத்தியிருக்கு, எவ்வளவு ஏத்தியிருக்கு, எந்தக் காத்துல போகுது, எந்தக் காலத்துக் கப்பல், இவ்வளவும் படத்தப் பாத்த உடனே ஒரு துறைமுகத் தொழிலாளிக்குத் தெரியணும். அதனால நான் சொல்லுறது, மொதல்ல தண்ணிக்கோட்ட முடிவு பண்ணுங்க, அதாவது கப்பல் எவ்வளவு முங்கியிருக்குங்கிறத, அலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்தப் பதிவு முழுக்க இத வச்சுத்தான் போகும், நடுநடுவுல நம்ம திருநெல்வேலிச் சீமையோட கப்பல் கதையும் வரும், ஏன்னா அது தெரியாம வரைஞ்சா எந்த ஊருக் கப்பலோ ஒண்ணுதான் பேப்பர்ல வரும்.

எப்ப வரையப் போகணும்னா, நம்ம கடல் கெழக்கால இருக்கு, இத மறந்துரக் கூடாது. காலையில சூரியன் கப்பலுக்குப் பின்னால இருந்து வரும், அப்ப கரையில நின்னா கப்பல் முழுக்க கறுப்பா ஒரே உருவமாத்தான் தெரியும், நிறம் ஒண்ணும் கெடைக்காது, ஆனா உருவம் அவ்வளவு சுத்தமா கெடைக்கும். பாய்மரம் எத்தன, புகைக்கூண்டு எங்க இருக்கு, முன்னால தூக்கியிருக்கா பின்னால தூக்கியிருக்கா, எல்லாம் அப்ப பென்சில்ல எடுத்துரலாம். சாயங்காலம் வெளிச்சம் நம்ம முதுகுப் பக்கமா ஊருக்குள்ள இருந்து வந்து நேரா கப்பல் மேல விழும், அப்பதான் பெயிண்ட்டு, துரு, மரத்தோட நிறம், கொடி, எல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஒரே கப்பலக் காலையில உருவத்துக்கும் சாயங்காலம் நிறத்துக்கும் ரெண்டு தடவ பாத்துட்டு வீட்ல போய் வரையுறதுதான் நல்ல முறை. மத்தியான வெயில் வேண்டாம், எல்லாத்தையும் தட்டையாக்கிரும், கண்ணும் கூசும்.

நிக்கிறதுக்கு எடம்னா பீச் ரோடு, ரோச் பூங்கா, பழைய துறைமுகத்துப் பக்கம். தோணி, அதாவது சரக்கு ஏத்திக்கிட்டுக் கடல்ல போற மரக்கப்பல், அத பாக்கணும்னா பழைய துறைமுகம்தான். பெரிய துறைமுகம் பாதுகாக்கப்பட்ட எடம், பாஸ் இல்லாம உள்ள போகவோ போட்டோ எடுக்கவோ கூடாது, அத மதிச்சு நடந்துக்கோங்க. தோணிக்காரங்ககிட்ட கேட்டுட்டு நின்னு வரையுங்க, "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் நின்னு படம் போட்டுக்கிடட்டா"ன்னு கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ, அதுக்கு மேல பக்கத்துல வந்து நின்னு எது எதுக்கு என்ன பேருன்னு சொல்லியும் தருவாவ. அந்தப் பேருங்களக் கண்டிப்பா எழுதி வச்சுக்கிடுங்க. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில முதுகெலும்பா ஓடுற மரம் ஏரா, விலா எலும்பு மாதிரி நிக்கிறது வங்கு, பாயத் தாங்குற குறுக்குக் கழி பருமல், தோணிய நடத்துறவரு தண்டல், தோணி கட்டுற ஆசாரி ஓடாவி. பேரு தெரிஞ்ச உறுப்பத்தான் கை சரியா வரையும், பேரு தெரியாததெல்லாம் மொத்தமா ஒரு கறுப்புக் கோடாப் போயிரும்.

சாமான் ரொம்ப வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லைட் ரெட், கொஞ்சம் விரிடியன், வெள்ளைக்கு ஒரு போஸ்டர் கலர் புட்டி. ஒரு பட்டை பிரஷ், ஒரு உருண்டை பிரஷ், கயிறு இழுக்க நீள முடி வச்ச மெல்லிசு பிரஷ் ஒண்ணு. அவ்வளவுதான்.

இப்ப தொடுவானக் கோடு. கடல் படத்துல மொத்தக் கணக்கும் இதுலதான் நிக்கி. உங்க கண்ணு எவ்வளவு உயரத்துல இருக்கோ அதே உயரத்துலதான் தொடுவானம் கப்பல வெட்டும். மணல்ல நின்னா கண்ணு ஒரு 1.6 மீட்டர் உயரம், அப்ப தொடுவானம் கிட்டத்தட்ட 4.5 கிலோமீட்டர் தூரத்துல இருக்கும். மூணு மாடி மேல ஏறி 10 மீட்டர் உயரத்துல நின்னீங்கன்னா 11 கிலோமீட்டருக்கு மேல பாக்கலாம். இதுல இருந்து என்ன தெரியுதுன்னா, கரையில நிக்கிறவனுக்கு 10 கிலோமீட்டர் தள்ளி நிக்கிற கப்பலோட அடியில கிட்டத்தட்ட 2 மீட்டர் கடலுக்குப் பின்னால மறைஞ்சிரும், ஏன்னா பூமி வளைஞ்சிருக்கு. தூரத்துக் கப்பல வரையும்போது தண்ணிக்கோடு முழுசாத் தெரியுற மாதிரி வரைஞ்சீங்கன்னா அது தூரத்துல இருக்கிற மாதிரியே தோணாது, சின்னக் கப்பல் பக்கத்துல நிக்கிற மாதிரி ஆயிரும். இன்னொண்ணு, படத்துல தொடுவானத்தக் கீழ எறக்கி வச்சா கப்பல் பெருசாத் தெரியும், மேல ஏத்தி வச்சா கடல் பெருசாத் தெரியும். சரக்குக் கப்பலுக்குக் கீழதான் வைக்கணும்னு நான் சொல்லுவேன், பேப்பர்ல மூணுல ஒரு பங்குக்கும் கீழ.

கப்பல் உடம்பு வரையுறதுக்கு மொதல்ல ஒரு பெட்டி போடுங்க, பக்கவாட்டுல நீளமா, பரிமாணத்தோட. அந்தப் பெட்டிக்குள்ள அணியத்தையும் அமரத்தையும் குறிச்சுட்டு, மேல் ஓரத்துக்கு ஒரு மெல்லிசு வளைவு குடுங்க, நடுவுல தாழ்ந்து ரெண்டு முனையிலயும் ஏறும். அந்த வளைவு பழைய கப்பலுக்கு அதிகம், இப்ப உள்ள பெரிய கப்பலுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, நேர்கோடுதான். தோணிக்கு வளைவு நல்லாத் தெரியும். வளைவ ஒரே வீச்சுல தோள்ல இருந்து கைய அசைச்சுப் போடுங்க, மணிக்கட்ட வச்சுப் போட்டா நடுங்கும். தண்ணிக்கோடு மட்டும், கண்ணு தாழ்வா இருந்தா கிட்டத்தட்ட நேரா இருக்கணும், அத வளைச்சிராதீங்க, வளைச்சா கப்பல் தண்ணியில இல்லாம தட்டுல வச்ச மாதிரி நிக்கும்.

இனி முக்கியமான எடத்துக்கு வாறேன். தூத்துக்குடிக்கு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு வாற கப்பல்கள கவனிச்சுப் பாருங்க. வரும்போது உடம்பு முழுக்க தண்ணிக்குள்ள, மேல கறுப்போ நீலமோ ஒரு பட்டை மட்டும் தெரியும், செவப்பு அடிப்பாகம் கொஞ்சமும் வெளிய இருக்காது. கரிய எறக்கிட்டுத் திரும்பிப் போகும்போது அதே கப்பல் ஒசந்து நிக்கும், செவப்பு வயிறு முழுக்க வெளிய, முன்னால தண்ணிக்கடியில இருக்க வேண்டிய அந்த உருண்டை மூக்கு பாதி வெளிய நீட்டிக்கிட்டு, பின்னால ப்ரொப்பல்லர் எலைகூட சில சமயம் தண்ணிய அடிச்சுத் தெறிக்கும். ரெண்டும் ஒரே கப்பல், ஆனா ரெண்டு படம். ஒண்ணு சரக்கோட கதை, இன்னொண்ணு சரக்கு முடிஞ்ச கதை. நீங்க எத வரையுறீங்கன்னு மொதல்லயே தீர்மானிச்சுட்டு செவப்பு எவ்வளவு தெரியணும்னு பென்சில்ல கோடு போட்டுருங்க. அந்தச் செவப்பும் அழகுக்கு அடிக்கிறது இல்ல, பாசியும் சிப்பியும் ஒட்டக் கூடாதுன்னு செம்புச் சேர்மம் கலந்து அடிக்கிற பெயிண்ட்டு, அந்தச் சேர்மத்தோட நிறமே செவப்பு. லைட் ரெட்டுல கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்தா சரியா வரும். புதுசா அடிச்ச செவப்பு எந்தக் கப்பல்லயும் ரொம்ப நாள் இருக்காது, தண்ணி தொடுற ஓரத்துல பச்சையா பாசி ஏறியிருக்கும், அத ஒரு கோடு விட்டுருங்க.

கப்பல் நடுவுல பக்கவாட்டுல ஒரு வட்டமும் அது குறுக்க ஒரு கோடும் பாத்திருப்பீங்க. அதுதான் பிளிம்சால் கோடு. 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஓட்டைக் கப்பல்ல அளவுக்கு மீறி சரக்கு ஏத்தி, அதுக்கு மேல இன்சூரன்சும் போட்டு அனுப்புன முதலாளிங்க இருந்தாங்க, முங்குனா காசு, கரை சேந்தாலும் காசு, செத்தது மாலுமிங்கதான். சாமுவேல் பிளிம்சால்னு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இதுக்காகச் சண்ட போட்டு 1876-ல வணிகக் கப்பல் சட்டம் வந்துச்சு, கப்பல்ல இந்தக் குறி போடணும்னு. ஆனா எந்த எடத்துல போடணும்கிறது மொதல்ல முதலாளி இஷ்டமாவே இருந்துச்சு, 1890-லதான் அதுக்கும் சட்டம் வந்து எடம் நிலைச்சுது. வட்டத்தோட விட்டம் 300 மில்லிமீட்டர், குறுக்குக் கோடு 450 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன், இதுதான் இன்னைக்கும் அளவு. பக்கத்துல ஏணி மாதிரி இன்னும் சில கோடுங்க இருக்கும், நல்ல தண்ணிக்கு ஒண்ணு, வெப்பக் கடலுக்கு ஒண்ணு, கோடைக்கு ஒண்ணு, குளிர்காலத்துக்கு ஒண்ணுன்னு, நல்ல தண்ணியில கப்பல் அதிகமா முங்கும்கிறதால அந்தக் கோடு மேல இருக்கும். உங்க படத்துல கப்பல் பத்து சென்டிமீட்டர்தான்னா இந்த வட்டம் ஒரு புள்ளி அளவுகூட வராது, அப்பயும் அந்தப் புள்ளிய வையுங்க, சரியான எடத்துல. நிறைஞ்ச கப்பல்ல அது தண்ணிக்கு ஒட்டி, காலிக் கப்பல்ல நல்லா மேல. எத்தனையோ மாலுமிங்க செத்துக் கிடைச்ச வட்டம் அது, அத விட்டுட்டு வரையுறது எனக்கு மனசு ஒப்பாது.

தோணிக்கு இந்த வட்டம் கண்ணுல படாட்டியும் கணக்கு அதேதான். மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, சிமெண்ட், ஜல்லின்னு ஏத்திக்கிட்டுப் போற தோணிய புறப்படுறதுக்கு முன்னால பாருங்க, மேல்தட்டுல மூட்டை அடுக்கி படுதா போட்டுக் கயித்தால கட்டி, உடம்பு தண்ணியில நல்லா எறங்கி, கதிர்க்கட்டு ஏத்துன மாட்டுவண்டி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு திரும்பும். அந்தப் படுதாவோட மேடு பள்ளம் முக்கியம், உள்ள மூட்டை இருக்கா செங்கல் இருக்காங்கிறது அந்த வடிவத்துலயே தெரிஞ்சிரும், மூட்டைன்னா உருண்டையா, செங்கல்னா முனை முனையா. பலகை வரிசை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அணியத்துல இருந்து அமரம் வரைக்கும் வளைஞ்சு போகும், இடைவெளியில பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடைக்கிறதுக்குக் கலப்பத்துன்னு சொல்லுவாவ. எல்லாப் பலகையையும் கோடு போட்டுக் காட்டாதீங்க, வெளிச்சம் படுற எடத்துல மூணு நாலு கோடு, நிழல்ல ஒண்ணுமே வேண்டாம், கண்ணு மிச்சத்தப் பாத்துக்கிடும்.

பழைய தோணி எப்படி இருந்துச்சுன்னு பாக்க விரும்புறவங்களுக்கு ரெண்டு பேரச் சொல்லுதேன். 1830-கள்ல ஜான் எடைன்னு ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கட்டும் அதிகாரி சோழமண்டலக் கரை, மலையாளக் கரை, இலங்கைப் படகு வகை எல்லாத்தையும் அளந்து எழுதி வச்சாரு, சோழமண்டலத் தோணி ஏறக்குறைய 70 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி ஆழம், அடி தட்டைன்னு. கொஞ்ச வருசம் கழிச்சு பிரெஞ்சுக் கடற்படையில இருந்த எட்மோன் பாரி இதே கரையோட படகுங்களப் படமாவும் வரைபடமாவும் போட்டு 1840-கள்ல வெளியிட்டாரு, ஒவ்வொரு கயிறும் எங்க கட்டியிருக்குன்னு பாத்துப் போட்ட படங்க. ஜான் எடை எழுதி வச்ச அளவ வச்சு அட்டையில சின்னதா ஒரு மாதிரி செஞ்சு மேசையில வச்சுக்கிட்டா எந்தக் கோணத்துல இருந்தும் வரையலாம். நீளத்துக்கு மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மியா அகலம், அதுதான் அந்தத் தோணியோட குண்டு உடம்பு, வேகத்துக்குக் கட்டுனது கெடையாது, சுமைக்குக் கட்டுனது. பாரத்தோட ஆழம் கம்மியான கழிமுகத்துக்குள்ள நுழையத்தான் அடி தட்டை.

அடுத்தது காத்து. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு டீக்கடையில கப்பல் படம் போட்ட காலண்டர் ஒண்ணு தொங்குச்சு, நாலு பாயும் விரிச்சு ஜோராப் போகுது கப்பல். வேலைய விட்டு நின்னுட்ட பழைய தண்டல் ஒருத்தரு டீ கிளாஸ வச்சுட்டு அதப் பாத்தே சொன்னாரு, "தம்பி, காத்து பின்னால இருந்து வந்து பாய முன்னால தள்ளுது, கொடி மட்டும் எதுக்குப்பா பின்னால பறக்கு? அதுக்கு மட்டும் தனிக் காத்தா?" அவ்வளவுதான், அந்தப் படம் அதோட முடிஞ்சுபோச்சு. பின்காத்துல ஓடுற பாய்க்கப்பல்ல கொடி முன்னாலதான் பறக்கும், பாய் எந்தப் பக்கம் உப்புதோ அதே பக்கம். கப்பலே காத்த முந்திக்கிட்டுப் போனாதான் கொடி பின்னால போகும், பாய்க்கப்பல் பின்காத்த முந்திப் போக முடியாது. நீராவிக் கப்பல்னா புகைக்கும் இதே விதி, பின்காத்து கப்பலவிட வேகமா அடிச்சா புகை கப்பலுக்கு முன்னால போகும், பாக்க வித்தியாசமா இருந்தாலும் அதுதான் உண்மை. நம்ம பக்கம் காத்துக்குப் பேரே இருக்கு, வடக்க இருந்து வந்தா வாடை, கெழக்க இருந்து கொண்டல், தெக்க இருந்து சோழகம், மேக்க இருந்து கச்சான்னு. படம் ஆரம்பிக்கும்போதே பேப்பர் ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு "கச்சான்"னோ "வாடை"ன்னோ எழுதி வச்சுட்டா கொடி, புகை, பாய், அலை நுரை எல்லாம் ஒரே பக்கம் போகும், குழப்பமே வராது.

நீராவிக் கப்பல் வரையணும்னு ஆசப்படுறவங்களுக்குத் தூத்துக்குடி மாதிரி நல்ல எடம் கெடையாது, ஏன்னா இங்க கடல் ஆழம் கம்மி, பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, பல மைல் தள்ளி நடுக்கடல்லதான் நங்கூரம் போடும், சரக்க தோணியில ஏத்திக்கிட்டுப் போய் கப்பல்ல ஏத்துவாவ. 1974-ல புதுத் துறைமுகம் தொறக்குற வரைக்கும் இதுதான் நெலம. அதனால பழைய தூத்துக்குடிய வரையுறவங்க கப்பல் பக்கத்துல ஜெட்டியும் கிரேனும் போட்றாதீங்க, போட வேண்டியது தோணிங்கதான், இரும்புச் சுவரு மாதிரி நிக்கிற கப்பலுக்குப் பக்கத்துல மரத்தோணி, அதுல பருத்திப் பொதி, கருப்பட்டி, சென்னா எலை மூட்டை. திருநெல்வேலி சென்னான்னு வெளிநாட்டு மருந்துக் கடையில எல்லாம் பேரு வாங்குன எலை அது. 1876-ல ரயில் தூத்துக்குடி வந்துச்சு, அதுக்கப்புறம் மெட்ராஸ்ல ஏறி இங்க எறங்கி ஸ்டீமர் புடிச்சுக் கொழும்புக்குப் போறதுதான் வழி, 1914-ல தனுஷ்கோடி வழி தொறக்குற வரைக்கும்.

பாய்க்கப்பல் காலம் நீராவிக் காலமா மாறுன கதைக்கு ஒரு மாசம் போதும், 1869 நவம்பர். 17-ம் தேதி சூயஸ் கால்வாய் தொறந்தாங்க, 22-ம் தேதி ஸ்காட்லாந்துல டம்பார்ட்டன்ல கட்டி சார்க்னு ஒரு தேயிலைக் கப்பல கடல்ல எறக்குனாங்க, பாய்க்கப்பல்கள்ல அவ்வளவு அழகானது வேற சொல்ல முடியாது. ஆனா கால்வாய் வழியும் செங்கடலும் பாய்க்கப்பலுக்குத் தோதுப்படாது, நீராவிக் கப்பல் குறுக்குவழியில தேயிலையக் கொண்டு போயிருச்சு, கட்டி சார்க் பின்னால ஆஸ்திரேலியாவுக்குக் கம்பளி ஏத்தப் போச்சு. இப்ப லண்டன் பக்கம் கிரீனிச்சுல நிக்கி. 1880 சுத்தி ஒரு துறைமுகத்த வரைஞ்சா ரெண்டு வகையும் ஒரே படத்துல நிக்கணும், அது தப்பு இல்ல, அதுதான் நெசம்.

ஸ்டீமர்ல புகைக்கூண்டுதான் முகம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். நம்ம கரையில ஆட்டம் போட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது கறுப்புக் கூண்டு, நடுவுல ரெண்டு வெள்ளப் பட்டை, கப்பல் உடம்பும் கறுப்பு, ஒரு வெள்ளக் கோடு. இத எதுத்துத்தான் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-ல சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனிய ஆரம்பிச்சாரு, மூலதனம் 10 லட்சம், 25 ரூபா பங்கு 40,000. மொதல்ல வாடகைக் கப்பல் ஓட்டிப் பாத்து, அதையும் வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கி நிறுத்த வச்சதும், சொந்தக் கப்பல்தான் வேணும்னு அலைஞ்சு 1907-ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து சேந்துச்சு. காலியாவுல மொத வகுப்புல 42 பேரு, ரெண்டாம் வகுப்புல 24, சாதா டிக்கெட்டு 1,300 பேரு, 4,000 மூட்டை சரக்கு போகலாம்னு கணக்கு சொல்லுவாவ. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தக் கொறச்சு கொறச்சு கடைசியில சும்மாவே ஏத்திக்கிடுறோம்னு எறங்குச்சு, அப்பயும் நம்ம ஊரு வியாபாரிங்க சுதேசிக் கப்பலுக்குத்தான் போனாங்க. 1908 மார்ச்சுல வ.உ.சி.ய கைது பண்ணாங்க, திருநெல்வேலி கொதிச்சு எழுந்துச்சு, சுதேசிக் கம்பெனி அதுக்கப்புறம் நிமிரவே இல்ல.

இந்தக் காட்சிய வரையுறதுன்னா நான் இப்படித்தான் போடுவேன்: தொடுவானம் ரொம்பக் கீழ, கப்பல் நங்கூரத்துல, கொடியும் புகையும் ஒரே பக்கம், பக்கத்துல மூணு தோணி. ஒரு தோணி நிறைஞ்சு முங்கிக் கப்பலப் பாத்துப் போகுது, ஒண்ணு கப்பலோட ஒட்டி மூட்டை ஏத்துது, ஒண்ணு காலியா ஒசந்து கரைக்குத் திரும்புது. மூணு தண்ணிக்கோடு, அதுலயே மொத்த வியாபாரமும் வந்துரும். தலைவர் படத்த வானத்துல மேகத்துக்குள்ள வைக்கிற பழக்கம் நிறைய இருக்கு, வேண்டாம்னு கெஞ்சிக் கேக்கேன். அவரு செஞ்ச வேலை அந்தக் கப்பல், அந்தக் கப்பல ஒழுங்கா வரைஞ்சாலே அவருக்கு மரியாதை பண்ணுன மாதிரிதான்.

கப்பல் படத்தையே தொழிலா வச்சிருந்த ஓவியருங்க கிட்ட கத்துக்க நிறைய இருக்கு. அன்டோனியோ ஜேக்கப்சன்னு கோபன்ஹேகன்ல 1850-ல பொறந்து அமெரிக்கா போனவரு, 1921-ல சாகுற வரைக்கும் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள ஆயிரக்கணக்குல வரைஞ்சிருக்காரு. எல்லாம் பக்கவாட்டுத் தோற்றம்தான், கேப்டனும் முதலாளியும் வாங்குற படம், ஒரு ஜன்னல் கூடினாலும் கொறஞ்சாலும் அவங்க வாங்க மாட்டாங்க. கல்கத்தாவுல லாய் ஃபாங்னு ஒரு சீன ஓவியரு இதே மாதிரி துறைமுகத்துக்கு வந்த பாய்க்கப்பல்கள கேப்டன்களுக்கு வரைஞ்சு குடுத்தாரு, வானம் அவருகிட்ட ரொம்ப சாந்தமா இருக்கும், கயிறு ஒவ்வொண்ணும் எண்ணலாம். ஜாக் ஸ்பர்லிங், மொண்டேகு டாசன் ரெண்டு பேரும் பழைய வேகக் கப்பல்கள அலையோட அலையா வரைஞ்சவங்க, ஸ்பர்லிங் சின்ன வயசுல கப்பல்ல வேலையே பாத்தவரு, அதனால அவரு பாய்ல காத்து நெஜமாவே நிறைஞ்சிருக்கும். டாசன் அலை கண்ணப் பறிக்கும், ஆனா ஆரம்பத்துலயே அவரப் பாத்துப் பழகாதீங்க, நீங்களும் அலைக்குள்ள போயிருவீங்க. மொதல்ல ஜேக்கப்சன், அப்புறம் ஸ்பர்லிங், அப்புறம்தான் டாசன்.

இதெல்லாம் வெளிநாட்டு விசயம்னு நெனைக்கிறவங்க ஒரு நாள் அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர் போயிட்டு வாங்க. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள மாடி மாடியா சுவரு முழுக்க பழைய ஓவியம், அதுல குதிரைய ஏத்திக்கிட்டு வாற கப்பல் ஒண்ணு இருக்கு. பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரை வந்த வியாபாரம் மார்க்கோ போலோவே எழுதுன விசயம், காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ்ல இருந்தும் ஏடன்ல இருந்தும் குதிரைக் கப்பல் வந்துச்சுன்னு. அந்த ஓவியரு பரிமாண விதியப் பத்திக் கவலப்படல, கப்பலுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டணும், அவ்வளவுதான் அவரு நோக்கம், காட்டிட்டாரு. ஆத்தங்கரையில மலைக்குப் பக்கத்துல இருக்கிற ஊர்ல, கடல் எங்கயோ இருக்க, ஒரு கலைஞன் சரக்குக் கப்பல கோபுரத்துக்குள்ள வரைஞ்சிருக்கான்னா இந்தச் சீமையில கடல் வியாபாரம் எவ்வளவு உள்ள வரைக்கும் வந்திருக்குன்னு பாத்துக்கோங்க. அங்க தொடாதீங்க, பிளாஷ் போடாதீங்க, கோயில்ல கேட்டுட்டு ஏறுங்க.

கொற்கையையும் இதே மாதிரி வரையலாம். முத்துக்குப் பேரு போன துறைமுகம், தாமிரபரணி மண்ணக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி கடல் தள்ளிப் போயிருச்சு, இன்னைக்கு அங்க நின்னா வயலும் வாழையும்தான். அப்புறம் பழைய காயல் மேல வந்துச்சு, அதுவும் தூந்துச்சு, அப்புறம் புன்னக்காயல், அப்புறம் தூத்துக்குடி. துறைமுகம் ஆத்து வாயில இருந்தா ஆறே அத மூடிரும். பழைய கப்பல் வரையும்போது பின்னணியில கழிமுகத்து மணல்திட்டு போட்டீங்கன்னா இந்தக் கதைக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படாது. மணப்பாடு மாதிரி எடத்துல மணல்குன்று மேல சிலுவைக் கோயில் தெரியும், தூத்துக்குடின்னா பனிமய மாதா கோயில், முயல் தீவு கலங்கரை விளக்கம், உப்பளத்து வெள்ளைக் குவியல். பழைய கப்பல் ஓவியருங்க எல்லாரும் ஓரத்துல ஒரு கலங்கரை விளக்கத்த வச்சிருப்பாங்க, எந்தத் துறைமுகம்னு பாக்கிறவன் ஒரு நொடியில கண்டுபிடிக்க.

கன்டெய்னர் கப்பல் வரையுறது சுலபம்னு நெனைப்பாங்க, பெட்டி பெட்டியா அடுக்குனா முடிஞ்சுதுன்னு. அளவுதான் அங்க மாட்டிவிடும். சின்னப் பெட்டி 20 அடி நீளம், பெருசு 40 அடி, அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. ஒரு பெட்டிய அளவுகோலா வச்சுக்கிட்டு முழுக் கப்பலையும் அதால அளந்து வரையுங்க. 1956 ஏப்ரல் 26-ம் தேதி ஐடியல் எக்ஸ்னு ஒரு கப்பல் நெவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டியோட போச்சு, அங்க ஆரம்பிச்சுது இந்தக் காலம். நிறத்த தூரத்துக்கு ஏத்த மாதிரி மங்கலாக்குங்க, எல்லாப் பெட்டியையும் பளபளன்னு அடிச்சா கப்பலே தெரியாது, பொம்மைக்கடை மாதிரி ஆயிரும்.

கடல் நிறம். மன்னார் வளைகுடா தீவும் பவளப்பாறையுமா ஆழம் கம்மியான கடல், அதனால கரைப்பக்கம் பச்சை கலந்த நீலம், விரிடியனும் அல்ட்ராமரைனும் கொஞ்சம் ஓக்கரும். துறைமுகப் பக்கத்துல கலங்கல், அங்க ஓக்கர் கூடும். காலை வெயில் மினுக்கத்துக்கு ஈரம் கம்மியா பிரஷ்ஷ படுக்க வச்சு வேகமா இழுங்க, பேப்பரோட சொரசொரப்புல வெள்ளை நின்னுரும், அந்த வெள்ளை எந்தப் பெயிண்ட்டுலயும் வராது. கப்பலோட பிம்பம் தண்ணியில நேரா கீழ விழும், நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும், ரெண்டையும் ஒண்ணாக்கிராதீங்க. துரு நங்கூரம் தொங்குற ஓட்டைக்குக் கீழயும் தண்ணி வடியுற துளைக்குக் கீழயும்தான் ஒழுகும், கண்ட எடத்துல துரு போட வேண்டாம்.

கயிறு கடைசியில. எல்லாம் காஞ்சப்புறம் நீள முடி பிரஷ்ல, தோள்ல இருந்து ஒரே இழுப்பு. வானத்துக்கு முன்னால வாற கயிறு கறுப்பா, கறுத்த உடம்புக்கு முன்னால வாற கயிறு போஸ்டர் வெள்ளையா. பளு தாங்குற கயிறு விறைப்பா நேரா, சும்மா தொங்குற கயிறு லேசா தொய்வா. தொய்வு இல்லாத படத்துல கயிறு கம்பி மாதிரி தெரியும்.

ஃபிரேம் போடுறதுக்கு முன்னால கடல்ல வேல பாத்த ஒருத்தருகிட்ட காட்டுங்க, கண்டிப்பா. என்ன சரக்கு ஏத்தியிருக்குன்னு நீங்க சொல்லாம அவரு சொல்லட்டும். அவரு சொல்லுறதும் நீங்க நெனச்சதும் ஒத்து வரலேன்னா தண்ணிக்கோட்டத் திருத்துங்க. நம்ம ஊரு உப்புக்காத்துல பேப்பர் சீக்கிரம் பூஞ்சை புடிக்கும், அதனால கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டு விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்க, வெளிச்சுவத்துல மாட்டாம உள்சுவத்துல மாட்டுங்க. படத்துக்குப் பின்பக்கம் கப்பல் பேரு, தேதி, எங்க நின்னு பாத்தீங்க, என்ன காத்து, என்ன சரக்கு, எல்லாத்தையும் பென்சில்ல எழுதி வைங்க, பேனாவுல வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துரும்.